"நில்லு" என்று சொல்லாத நாள்

வெயில் காலத்துப் பூண்டு சுலபமாக உரியும். காலையில் பரப்பி வைத்தால் மத்தியானம் தோல் தானாகக் கழன்று வரும். மழை பிடித்துவிட்டால் ஒவ்வொரு பல்லோடும் மல்லுக்கட்ட வேண்டும். இது நடந்தது ஜூலையில். ஆனால் உரித்ததில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். தமிழிலேயே எழுதுங்கள், மராத்தியில் மாற்ற ஸ்டேஷனில் ஆள் இருக்கிறார் என்றீர்கள். அந்த ஆள் எப்படி மாற்றுவாரோ, எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் சின்னச் சின்னதாக எழுதுகிறேன்.

கட்கியில் எங்கள் ஊறுகாய்க் கூடம் இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது. ஒன்பது பேர் வேலை. முடிவு எடுப்பது ஒரே ஆள், நான். ஒவ்வொரு முறை போடும்போதும் ஆறு பாட்டிலை எடுத்து அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையில் பத்து நாள் வைப்பேன். பிறகு மூடியை விரலால் தட்டுவேன். நல்ல பாட்டில் கிண்ணென்று கேட்கும். கெட்டது பொத்தென்று கேட்கும். பொத்தென்றால் "நில்லு" என்பேன். நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்லதை நல்லது என்று சொன்னால் வேலை செய்கிறவர்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும். நான் பேசாமல் நகர்ந்தால் லலிதா சரக்கை டெம்போவில் ஏற்றுவாள். அவள் வந்த பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

ஏப்ரலில் மருமகள் ரெனிட்டா சுவரில் ஒரு சார்ட் ஒட்டினாள். பெட்டி பெட்டியாகப் போட்டு, நடுவில் கோடுகள். மேலே என் மகன் ஜெரோஷ். விற்பனைக்கு ரெனிட்டா. தரத்துக்கு லலிதா. இனிமேல் லலிதா கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். என் பெட்டி ஓரமாக இருந்தது. ஆலோசகர் என்று எழுதியிருந்தது.

"இந்தக் கோடு மட்டும் ஏம்மா விட்டு விட்டுப் போகுது?" என்று கேட்டேன்.

"அது வந்து மாமா, உங்ககிட்ட கேட்டே ஆகணும்னு இல்ல. வேணும்னா கேக்கலாம். நீங்க ஜாலியா இருங்க, டென்ஷன் நக்கோ, வேணாம்."

லலிதா என்னிடம் பூண்டு உரிக்க வந்தவள். அவள் பெட்டிக்கு முழுக் கோடு போட்டிருந்தார்கள்.

மே மாதம் கூட்டம் போட்டார்கள். பூண்டு ஊறுகாய் ரொம்பப் புளிக்கிறது என்று வாங்குகிறவர்கள் போனில் எழுதுகிறார்களாம். வினிகரைப் பாதியாக்கலாம், சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள் ரெனிட்டா. ஜெரோஷ் தூக்கினான். லலிதா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். அவளும் தூக்கினாள். வினிகர் குறைந்தால் பூண்டு எண்ணெய்க்குள்ளேயே கெடும் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஜூலையில் வினிகர் குறைத்துப் போட்ட பூண்டை, பலகையில் வைத்த பத்தாம் நாள், வழக்கம்போலத் தட்டினேன். ஆறில் இரண்டு பொத்தென்றது. லலிதா தாளும் பேனாவுமாக வந்தாள்.

"தட்டிட்டீங்களா அண்ணே?"

"ம்."

அவள் நின்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப போட்டுடறேன்," என்று சிரித்தாள். "இந்தக் கையெழுத்தப் போடறப்பல்லாம் எனக்குப் பயமா இருக்கு அண்ணே. நீங்க பக்கத்துல நிக்கிறீங்கன்னுதான் போடறேன்."

நான் நல்லது என்று சொல்லவில்லை. இதை மாற்றி எழுதுகிறவர் சரியாக எழுத வேண்டும்.

டெம்போ போனதும் பலகையில் இருந்த ஆறு பாட்டிலையும் பின்பக்கச் சாக்கடையில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்தேன். வீட்டுக்கு ஜெரோஷ் அதே சரக்கில் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான். அதையும் எடுத்துப் போட்டேன். பேத்தி கிளாரிசா தேடினாள். தீர்ந்துவிட்டது என்றேன்.

ஆறு நாள் கழித்து ஔந்திலிருந்து விச்சு சார் போன் செய்தார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். கடை ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் ஊறுகாய்தான்.

"என்ன லியோனார்ட், உங்க பாட்டில் மூடி தொப்பை போட்டிருக்கே, உங்கள மாதிரி. சாப்பிடலாமா?"

"தரம் இப்ப நான் இல்ல சார். லலிதான்னு ஒரு பொண்ணு. இன்னிக்கு லீவு, நாளைக்குக் கேளுங்க."

"நாளைக்கு வரைக்கும் தயிர்சாதம் காத்திருக்குமாய்யா? நீங்க சொல்லுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

கெட்ட பூண்டு என்ன செய்யும் என்று தெரியாமல் இருந்தேனா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். தெரியும். கடை தொடங்குவதற்கு முன்னால் எங்கள் சந்திலேயே ஒருவர் இப்படிப் போனார். முதலில் இமை தொங்கும். பிறகு நாக்கு குழறும். பிறகு மூச்சு. அவரைப் பார்த்த பிறகுதான் நான் மூடியைத் தட்டவே ஆரம்பித்தேன்.

விச்சு சார் போன் செய்த ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் மனைவி நீலா அம்மாவுக்கு இன்னும் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. சாகணில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஜோபின் என்ற கம்பெனிப் பையனும் போய்விட்டான். சரக்குத் தாளில் லலிதாவின் கையெழுத்து இருந்ததால் அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இன்றோடு பன்னிரண்டு நாள்.

நான் நினைத்தது இவ்வளவுதான். சரக்கு திரும்பி வரும், நாலு பேர் திட்டுவார்கள், சார்ட் சுவரை விட்டு இறங்கும். இறங்கிவிட்டது. ரெனிட்டாவே கிழித்துப் போட்டாள். கிழிக்கும்போது என்னிடம், "மாமா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்காகத்தான் இங்கே வந்தேன். கேட்டால் சொல்கிறவன் நான்.

எல்லாம் எழுதிவிட்டேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். ஆலோசகர் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எங்கள் கூடத்தில் இல்லை. லலிதாவைக் கூட்டி வாருங்கள். அவள் போடுவாள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.