சீனிச் சாக்குக்குள் ஆடின தலை

"ஓடுங்கோ! கோயிலுக்கு ஓடுங்கோ!"

ஓடுறம். தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி. தீவுக்குள்ள ஆமி இறங்கிட்டுது. மேல ஹெலி. கடல் பக்கத்தால ஷெல். முதல் ஒரு கூவல். பிறகு ஒரு கணம் ஒண்டுமில்லை. பிறகு நிலம் உதறும். என்ர மனுசன், பேர் செபமாலை, முன்னால. என்ர தம்பி றெஜி பின்னால. எனக்குக் காலில செருப்பில்லை. மாதா கோயிலுக்குள்ள பூந்தால் தப்பினம் எண்டு நினைச்சம். விசர்ச் சனங்கள்.

விடிய ஆமி வந்தது. ஆம்பிளையளை வெளியில எடுத்து வரிசையில விட்டாங்கள். ஜீப்புக்குள்ள ஒருத்தன். தலையில சீனிச் சாக்கு. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால போகவேணும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை ட்ரக்கில ஏத்துவாங்கள். அஞ்சு தரம் ஆட்டினான். மூண்டாவது என்ர மனுசன். அஞ்சாவது தம்பி. துவக்குத் தூக்கின ஒரு இயக்கத்துக்கும் போகாததுகள். மீன் வித்துச் சீவிச்சதுகள்.

சாக்கு முகத்தை மறைச்சது. கையை மறைக்கேல்லை. ஜீப்புக் கம்பியைப் பிடிச்ச இடக்கை. சின்ன விரலும் பக்கத்து விரலும் பிறப்பிலேயே ஒட்டினது. எங்கட ஊர்ச் சங்கக் கடையில எனக்குச் சீனி நிறுத்துத் தந்த கை. நாசமாப் போவான்.

தொண்ணூற்றாறு, மாசி. ஸ்காபரோ, அகதியா வந்து சேர்ந்த குளிர் ஊர். தமிழ்ப் பூசை. காணிக்கைத் தட்டு எனக்கு முன்னால நீளுது. அதே விரல். ஆள் இப்ப கோட்டும் சூட்டும். எல்லாருக்கும் நல்ல அண்ணை. ரெண்டு மூண்டு பேரிட்டைச் சொன்னன். இஞ்ச வந்தும் பழசைக் கிளறாதேங்கோ எண்டினம். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்காம். எனக்கு இருக்க வேண்டியது எங்கை?

டோர்செட் பார்க்கில எங்கட மாடியில பிலார் எண்டொரு ஸ்பானிய மனுசி. எழுபது வயசு. ஸ்பெயின் எண்டால் எனக்கு மாட்டுச் சண்டையும் ஆட்டமும்தான் தெரியும். கீழ லோன்ட்ரி அறையில, மெஷின் இரைச்சலுக்குள்ள, உடைஞ்ச இங்கிலிசில அவ தன்ர கதையைச் சொன்னா. முப்பத்தாறாம் ஆண்டு, கோடை, அவையின்ர நாட்டிலயும் உள்நாட்டுச் சண்டை. தகப்பன் ரயில்பாதை வேலையாள், தொழிற்சங்கத்துக்காரர். பக்கத்து வீட்டான் காட்டிக்குடுத்தான். லொறி. றோட்டோரப் பள்ளம். பிறகு வெண்டவையின்ர ஆட்சி, கிட்டத்தட்ட நாப்பது வருசம். அவையின்ர பக்கத்தில செத்தவையின்ர பேர் மட்டும் கோயில் சுவரில.

ஆண்ட ஜெனரல் செத்தபிறகு தேர்தல் வந்தது. எழுபத்தேழில ஒரு சட்டம். சிறையில கிடந்தவனுக்கும் மன்னிப்பு, சுட்டவனுக்கும் மன்னிப்பு. இடதும் வலதும் சேர்ந்து கை தூக்கிச்சினம். பழசைப் பேசினால் திரும்பச் சண்டை வருமெண்ட பயம். அந்தப் பக்கத்து வீட்டான் வந்து கையை நீட்டினான். பிலாரின்ர தாய் கை குடுத்தா. அவன் கட்டிலில படுத்துச் செத்தான். தகப்பன் இன்னும் பள்ளத்துக்குள்ள. மேல றோட்டை அகலிச்சாச்சு.

நான் ஒட்டின விரலைப் பற்றிச் சொன்னன். மனுசி உடுப்புக் கூடையைக் கீழ போட்டிட்டுக் கத்தினா.

"கை குடுக்காதை! செத்தாலும் குடுக்காதை!"

அடுத்த ஞாயிறு. வேணுமெண்டே அவனுக்குப் பின் வரிசை வாங்கில நிக்கிறன். ஆளுக்காள் சமாதானம் சொல்லுற நேரம் வருது. திரும்புறான். கும்பிடுறான். ஒட்டின விரல் என்ர மூஞ்சைக்கு நேர. நான் கும்பிடேல்லை. குளிருக்குக் கட்டின சால்வையை மூக்குக்கு மேல இழுத்து விட்டன். கண் மட்டும் வெளியில. அவனைப் பார்த்தன். தலையை ஆட்டினன். மெதுவா. ஒருக்கா.

அவனுக்கு விளங்கிட்டுது. கும்பிட்ட கை இறங்கேல்லை. பக்கத்தில நிண்ட அவன்ர மனுசி "என்னப்பா?" எண்டு கேட்டா. கழட்டி வைச்ச கோட்டையும் விட்டிட்டு ஸ்னோவுக்குள்ள இறங்கிப் போனான். எனக்குச் சொல்லேலாத சந்தோசம். பாவமெண்டால் பாவமாய் இருக்கட்டும்.

இப்ப மார்க்கம் எண்ட ஊர்ப் பக்கம் பூசைக்குப் போறானாம். மார்க்கத்துக்கும் பஸ் ஓடுது.

போனது இவ்வளவு. பிலாரின்ர தகப்பன், எலும்பு இன்னும் எடுக்கேல்லை. என்ர மனுசன் செபமாலை, எலும்பும் இல்லை. தம்பி றெஜி, தாடி ஒழுங்கா வளரேல்லை. ட்ரக்கில ஏத்தின மற்ற மூண்டு பேர், எங்கட ஒழுங்கை ஆக்கள். வீடு. வள்ளம். ஒரு சோடி செருப்பு. அந்தச் சாக்கு அஞ்சு தரம் ஆடினது. நான் ஒருக்காத்தான் ஆட்டியிருக்கிறன். இன்னும் நாலு கிடக்கு.