நண்பகலில் ஓடிய எண்

மின்மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கெட்டில் தண்ணீர் போதும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நண்பகலில் கெட்டிலைப் போட வேண்டும். மீட்டரில் இரண்டு எண்கள் உண்டு: பகலுக்கு ஒன்று, மலிவான இரவுக்கு ஒன்று. பகல் எண் நகர வேண்டும். ஐந்து நிமிட வேலை, சார்ஜென்ட்.

எங்கள் பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாய் கிடையாது. செங்கல் அடைத்த மின் ஹீட்டர்தான். இரவு மின்சாரத்தில் செங்கல் சூடேறும்; மறுநாள் முழுக்க அந்தச் சூட்டில் வாழ்வோம். அக்டோபரில் மின் நிறுவனத்து ரென்விக் வந்து நிலவறையில் புது மீட்டர் மாட்டினார். அடுத்த பில் மூன்று மடங்கு. புகார் சொன்னேன். மறுபடி வந்தவர், நிலவறை வாசலில் நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு நம்பரும் ஓடுதே தம்பி. மீட்டருக்கு ஒண்ணுமில்ல. நீங்க வேலைக்குப் போனதும் உங்க வீட்டம்மா பகல்லயும் ஹீட்டர் போட்டுக் குளிர் காயுறாங்க போல. சொல்லி வைங்க."

என் மனைவி எய்லி ஆஸ்துமாக்காரி. சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வீட்டுக்குள்ளயே ரெண்டு கோட்டு போட்டுக்கிட்டுத் திரியுறேன். இன்னும் என்ன, ஒரு ஆட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கணுமா?"

ரென்விக் சிரித்தார். 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார்.

நான் பொறியியல் படித்தவன். ஆனாலும் அவர் சொன்னதை நம்பினேன்.

டிசம்பரில் எய்லி படுக்கையறை ஹீட்டரை அணைத்துவிட்டாள். சிக்கனக்காரி. ஜனவரி ஒன்பதாம் தேதி நிமோனியாவில் இறந்தாள். வயது முப்பத்தொன்று.

அடக்கம் முடிந்த மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு டீ போட்டேன். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலவறைக்கு இறங்கினேன். மணி பன்னிரண்டு. மேலே கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. இரவு எண் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் இரவில் இழுத்ததற்கெல்லாம் பகல் விலை கட்டியிருந்தோம்.

பிப்ரவரியில் பனி எச்சரிக்கை வந்த அன்று ரென்விக்கை அழைத்தேன்.

"படி குறுகல். கோட்டை இங்க மாட்டிட்டு இறங்குங்க" என்றேன். அவர் போன் கோட்டுப் பையில் இருந்தது. அதை முன்பே கவனித்திருந்தேன்.

அவர் இறங்கியதும் தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு கெட்டிலை.

"எந்த நம்பர் ஓடுது?"

கீழிருந்து குரல் வந்தது. "ராத்திரி நம்பர். மாத்தி மாட்டிட்டேன் தம்பி, தப்பு என்னோடதுதான். இப்பவே சரி பண்ணித் தர்றேன். கதவைத் திற."

நேர்மையான மனிதர் என்று தோன்றியது. டீயைக் குடித்தேன்.

பனியில் பாதை மூன்று நாள் மூடியிருந்தது. முதல் நாள் கதவைத் தட்டினார். இரண்டாம் நாள் தன் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் குரல் நின்றுவிட்டது; தாழ்ப்பாளை எடுத்தேன்.

வருத்தமில்லை. எய்லிக்குக் கிடைத்த குளிர்தான் அவருக்கும் கிடைத்தது.

படுக்கையறை ஹீட்டர் சுவிட்சைப் பற்றி ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை. அது உத்தரத்தை ஒட்டி இருக்கிறது. எய்லி குள்ளம், நாற்காலி மேல் ஏறினால்தான் கை எட்டும். டிசம்பர் முழுக்க அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை. "கொஞ்ச நேரம் போட்டு விடேன்" என்று என்னிடம்தான் கேட்பாள்.

அணைத்தது அவள்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.