மடுவுக்கு ஏற்ற தூண்டில்

தூண்டில் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே நிற்கப் போகிறீர்கள் என்றுதான். எந்த மீன், எவ்வளவு பெரிய மீன் என்பதெல்லாம் அப்புறம். கரையில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறவருக்கு ஒரு கம்பு. படகில் போகிறவருக்கு வேறு. ஓடுகிற ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறவருக்கு எல்லாமே வேறு. இது தெரியாமல் கடையில் பளபளவென்று தொங்குவதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறவர்கள், வெயிலில் கறுத்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்குவார்கள். என் கடையில் வாங்கிய யாருக்கும் அந்தக் கதி வந்ததில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காலையில் நீங்கள் என்னிடம், "விபத்துன்னு முடிச்சிடலாம், பெரியவரே. பாவம், தெரியாம பொருந்தாத சாமானைக் கொடுத்துட்டீங்க. வேணும்னா செஞ்சீங்க? வீட்டுக்குப் போங்க" என்று சொன்னீர்கள். டீ வேறு வாங்கிக் கொடுத்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். அந்தத் 'தெரியாம' என்கிற வார்த்தை செரிக்கவில்லை. அதனால்தான் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் தங்கை புருஷன் பல் டாக்டர் என்பது உங்களுக்குத் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, கைராசிக்காரர். என் கடைவாய்ப் பல்லை அவர்தான் பிடுங்கினார், ஊசி போட்டது மட்டும்தான் தெரிந்தது. அவரைக் கடைக்குக் கூட்டி வந்ததே என் தங்கைதான். "அண்ணா, ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுல சும்மா கிடந்து என் உயிரை எடுக்கறார். ஒரு தூண்டிலைக் கொடுத்து எங்கயாவது உக்கார வைங்க" என்றாள். நான்தான் உட்கார வைத்தேன். ஊருக்குப் பின்னால் இருக்கிற ஏரியில், நாணல் ஓரமாக, என் பக்கத்திலேயே.

எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. தூண்டில் முள்ளில் நரம்பைக் கட்டி இறுக்குவதற்கு முன்னால் முடிச்சை எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நைலான் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். நாள் முழுக்க அடுத்தவர் எச்சிலில் கை வைக்கிற மனுஷன், தன் எச்சிலைத் தொட முகம் சுளித்தார். மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைப்பது, மீன் வாயைக் கிழிக்காத முள்ளைப் பார்த்து எடுப்பது, பிடித்ததை அப்படியே தண்ணீரில் விட்டுவிடுவது, இதெல்லாம் என்னிடம் பாடம் கேட்டதுதான். நாங்கள் தின்பதற்காகப் பிடிப்பவர்கள் இல்லை. பிடித்தோம் என்பதற்காகப் பிடிப்பவர்கள்.

அந்த ஏரியில் ஒரு பெரிய கெண்டை உண்டு. வருஷக்கணக்காக அதற்குப் பின்னால் அலைந்தவன் நான். தடித்த நரம்பு, கனமான கம்பு, எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. டாக்டர் ஒருநாள் இருப்பதிலேயே மெல்லிய நரம்பையும், குச்சி மாதிரி ஒரு கம்பையும் எடுத்தார். வேண்டாம், முதல் இழுப்பிலேயே அறுந்துவிடும் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். அன்று சாயங்காலம் அந்தக் கெண்டை அவர் கையில் இருந்தது. அது ஓடினபோது ஓட விட்டிருக்கிறார், நின்றபோது சுற்றியிருக்கிறார். ஒரு குழந்தையைத் தூங்க வைப்பது போலக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். தடித்த நரம்பைக் கண்டு விலகின மீன் மெல்லியதைப் பார்க்கவே இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதிர்ஷ்டம்.

என் தங்கை அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, என் கடையில், என் கல்லாவுக்கு மேலே, தானே ஆணி அடித்து மாட்டினாள். "நம்ம வீட்டுப் பெருமை, அண்ணா" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் விளையாட்டாகச் சொல்வார். "மச்சான் எதை வேணாம்னு சொல்றாரோ அதை வாங்குங்க. மீன் நிச்சயம்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன். அவர் மனதில் கள்ளம் கிடையாது, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, என் கடைக்குப் பழகின லாரி டிரைவர் ஒருவர் வந்தார். அவருக்கென்று நான் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த ரீலைக் கையில் வாங்கினார், புரட்டினார், மறுபடி மேஜைமேல் வைத்தார். "டாக்டர் எப்ப வருவாரு? அவரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துக்கறேன்" என்றார். என் கடையில் நின்றுகொண்டு என்னிடம் கேட்கிறார் அதை.

நீங்கள் பொறாமை என்று நினைப்பீர்கள். பொறாமை எள்ளளவும் இல்லை. ஒரு அரைகுறையை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும்போது, விவரம் தெரிந்தவன் பேசாமல் இருந்தால் அதுதான் தப்பு. யாராவது ஒருவர் வித்தியாசத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

போன மாதம் அவருக்கு ஆற்று மேல் ஆசை வந்தது. தடுப்பணைக்குக் கீழே ஒரு மடு இருக்கிறதே, சுழித்துக்கொண்டு, அடி தெரியாத ஆழத்தோடு, அதில் ஆள் கனத்துக்குக் கெளுத்தி கிடக்கிறது. நேராக என்னிடம் வந்தார். "மச்சான், ஆறு எனக்குப் புதுசு. நீங்களே பார்த்து எடுத்துக் கொடுங்க. நீங்க கொடுக்கறதை மறுபேச்சு பேசாம எடுத்துக்கறேன்" என்றார். இந்த வார்த்தையை லாரி டிரைவர் காதில் விழுகிற மாதிரி சொல்லியிருந்தால் ஒருவேளை நாம் இருவரும் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுகூட மட்டமான பொருள் இல்லை, எதை வேண்டுமானாலும் சோதித்துப் பாருங்கள். மார்பு வரைக்கும் வருகிற ரப்பர் கால்சட்டை கொடுத்தேன், அவர் அளவுக்கு ஒரு சுற்றுப் பெரியது. அதோடு இடுப்பை இறுக்கிக் கட்ட ஒரு வார் வரும். ஆள் விழுந்தாலும் உள்ளே தண்ணீர் இறங்காமல் தடுப்பது அதுதான். அதை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது. பாசி பிடித்த பாறையில் வழுக்காத கம்பளி அடி வைத்த காலணி அவர் அளவிலேயே அலமாரியில் இருந்தது. நான் கொடுத்தது வழவழப்பான ரப்பர் அடி.

நரம்பு விஷயத்தில்தான் விவரம் வேண்டும். ஆற்றில் இறங்கி நிற்கிறவருக்கு, ஆள் விழுவதற்கு முன்னால் அறுகிற நரம்பைக் கொடுக்க வேண்டும். டாக்டருக்கு நான் கொடுத்தது பின்னின நரம்பு, மாட்டைக் கட்டினாலும் அறாது. ரீலில் ஒரு திருகு உண்டு. மீன் வேகமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற திருகு. அதை முழுக்க முறுக்கிக் கொடுத்து, "கெளுத்திக்கு ஒரு அடி விட்டுக்கொடுத்தா பாறைக்கு அடியில போயிடும். விடவே கூடாது மாப்பிள்ளை" என்றேன். ஏரியில் அவர் கற்றதற்கு நேர் எதிர். அவரும் தலையாட்டிக்கொண்டார்.

கம்பு விலை கூடியது, தண்ணீரோடு போய்விடக் கூடாது என்று ஒரு கயிற்றால் அதை அவர் மணிக்கட்டோடு சேர்த்து நானே கட்டிவிட்டேன். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. எச்சில் தொட்டுத்தான் கட்டினேன்.

பார்த்தீர்களா, தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றையும் யாருக்காவது நான் நியாயமாகவே விற்றிருப்பேன். படகில் உட்கார்ந்து கெளுத்தி பிடிக்கிறவருக்குப் பின்னின நரம்புதான் சரி. ஓடாத குட்டையில் நிற்கிறவருக்கு வழவழப்பான அடி போதும். இத்தனையையும் ஒரே ஆளுக்கு, ஒரே இடத்துக்குச் சேர்த்துக் கொடுக்க எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். அனுபவம் இல்லாதவன் கொடுத்திருந்தால் ஏதாவது ஒன்று தப்பித் தவறிச் சரியாக அமைந்து அவர் பிழைத்திருப்பார்.

புறப்படும்போது என் தங்கை வாசலில் வந்து நின்றாள். "நீங்க கூடப் போறீங்க இல்ல, எனக்குப் பயமே இல்ல அண்ணா" என்றாள். மடு விளிம்பில் இருக்கிற சரிந்த பாறையை அவருக்குக் காட்டினவன் நான். ஓட்டம் முதுகில் தள்ளுகிற மாதிரி, ஆறு போகிற பக்கம் பார்த்து நிற்கச் சொன்னதும் நான். நான் கரையில் நின்றேன்.

உங்களிடம் முதலில் சொன்னேனே, ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று, அது பொய். நான் ஓடவில்லை. கெளுத்தி இழுத்தது, காலணி வழுக்கியது, கால்சட்டையில் தண்ணீர் நிறைந்தது, எல்லாம் நான் நினைத்த வரிசையிலேயே நடந்தது. பாறை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். இன்னொரு கையைத்தான் மீன் இழுத்துக்கொண்டிருந்தது. "மச்சான், கத்தி" என்றார். கத்தவில்லை, கேட்டார். கூப்பிடு தூரம்கூட இல்லை, கைநீட்டித் தரலாம். கத்தி என் சட்டைப் பையில் இருந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார், அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. தனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்பது அந்த ஒரு நிமிஷமாவது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

இதோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். என் தங்கை வாயைத் திறந்ததால் வந்த வினை இது. துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ என்னைக் கை காட்டிப் பேசியிருக்கிறார்கள். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்க அண்ணனைக் குத்தம் சொல்லாதீங்க. பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஏதோ கடை வச்சிருக்கார். எங்க வீட்டுக்காரரே சொல்வார், மச்சானுக்கு விக்கத்தான் தெரியும், மனசு நோகக் கூடாதுன்னுதான் நான் கேட்டுக்கறேன்னு." உங்களிடமும் வந்து அதையேதான் சொல்லியிருக்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

லாரி டிரைவரும் அந்தக் கூடத்தில் இருந்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் தானாகச் சாகவில்லை, நான் கொன்றேன். பொருள் பொருளாகப் பார்த்து எடுத்து, இடம் பார்த்து நிறுத்திக் கொன்றேன். நீங்கள் விபத்து என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். அவளைக் கொஞ்சம் உள்ளே வரச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், நானே நிதானமாக எடுத்துச் சொல்கிறேன். கூடப் பிறந்தவன் விவரம் இல்லாதவன் இல்லை என்று தெரிந்தால், இந்த நிலைமையில் அவளுக்கும் ஒரு ஆறுதலாக இருக்கும்.