துடைக்காத பானெட்

– “நல்லாருக்கேன்”னு மட்டும் சொன்னா செல்லாது மாமா. உங்க மாமியார், அதான் எங்கம்மா, நாள் பூரா என்ன பண்றீங்கன்னு வரிசையா கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க. எழுந்திருக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க.

– அஞ்சரைக்கு எழுந்திருக்கறேன். பால் பாக்கெட் எடுக்கறேன். ரெண்டு முட்டை வேகப் போடறேன். ஒண்ணு சாப்பிடறேன். ஒண்ண செக்யூரிட்டி வெங்கடசாமிக்குக் கொடுக்கறேன். இங்க பார்க்கிங்குக்கு வரேன். கார் கவர எடுக்கறேன். திரும்பப் போடறேன். குளிக்கறேன். எட்டேகாலுக்கு ஆபீஸ் பஸ்.

– நிறுத்துங்க. கவர எடுத்துட்டுத் திரும்பப் போடறீங்களா? நடுவுல ஒண்ணுமே இல்லையா?

– இல்ல.

– எங்கயும் ஓட்டறதில்லையா?

– ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடுவேன். பேட்டரிக்காக.

– நல்லாருக்கு. நான் தொம்மலூர்லேர்ந்து இங்க மல்லேஸ்வரம் வர ரெண்டு பஸ் மாறி வரேன். வண்டி இங்க போர்வை போத்திட்டுத் தூங்குது. சாவியக் கொடுங்க.

– அடுத்த வாரம் எடுத்துக்கோ ஆஞ்சி.

– மூணு ஞாயிறா இதே பாட்டு. நாளைக்கு எனக்கு பொம்மசந்திரால காலைல ஆறு மணி டியூட்டி. அந்த நேரத்துக்கு மெட்ரோவும் உதவாது. நாலு மணிக்கு ரோட்டுல நின்னு பஸ் பிடிக்கணும். நர்ஸு வேலை, லேட்டா போனா நைட் டியூட்டி பாத்தவ என்னைத் திட்டிட்டே நிப்பா. “அக்கா கார நீயே ஓட்டு”ன்னு சொன்னது யாரு? நான் கேட்டேனா?

– நான்தான் சொன்னேன்.

– இப்ப மனசு வரலையா? வரலன்னா நேரா சொல்லுங்க. கோச்சுக்க மாட்டேன். ஸ்வல்ப, கொஞ்சூண்டு கோச்சுப்பேன்.

– அது இல்ல. இதுல ஒரு வேலை பாக்கி இருக்கு.

– என்ன பெரிய வேலை? தள்ளுங்க, கவர நானே எடுக்கறேன்… அய்யோ! மாமா, பானெட்டுக்கு என்ன ஆச்சு? யாராவது சுண்ணாம்பு அடிச்சிட்டாங்களா?

– சீலன்ட்.

– மனுஷ பாஷைல.

– பெயிண்ட்டுக்கு மேல பூசறது. வெயில், மழை உள்ள எறங்காது. பூசினதும் காஞ்சு வெள்ளையாகும். அத துடைச்சு எடுத்துட்டா அடில கண்ணாடி மாதிரி நிக்கும்.

– அது தெரியும். அக்கா என்னைப் பிடிச்சு வேலை வாங்கினது மறக்குமா? கதவு, டிக்கி எல்லாம் நீலமா மின்னுது. பானெட் மட்டும் ஏன் இப்படி?

– மிச்சத்தெல்லாம் அவளே துடைச்சா. பானெட் எப்பவும் என் பங்கு. அவ பூசுவா, நான் துடைப்பேன்.

– அப்ப இது…

– கேத்தி பூசினது. அவ கடைசியா இங்க நின்ன அன்னைக்கு.

– எட்டு மாசமாவா மாமா?

– ம்.

– …எவ்வளவு நேரா பூசியிருக்கா பாருங்க. கோடு போட்ட நோட்டு மாதிரி.

– நீள வாட்டுல ஒண்ணு, குறுக்க ஒண்ணு. ரெண்டு மெல்லிசு பூச்சு. தடிமனா ஒண்ணு பூசினா வேஸ்ட்டுன்னு சொல்லுவா.

– ஸ்பாஞ்சுல அஞ்சு ரூபா காயின் அளவுக்கு மேல ஊத்தினா என் கைல அடிப்பா. “தோசைக்கு நெய் ஊத்தறியாடி?” ஃபேக்டரில பெயிண்ட் இன்ஸ்பெக்ஷன் பாக்கறவள வீட்டுக்குள்ள விடக்கூடாதுன்னு அன்னைக்கே அம்மாகிட்ட சொன்னேன்.

– நான் துடைச்சு முடிச்சா டார்ச்ச எடுத்துட்டு வருவா. குனிஞ்சு, சாஞ்சு, பக்கவாட்டுல அடிச்சுப் பாப்பா. எங்கயாவது நான் சரியா துடைக்காத ஒரு இடத்துல எண்ணெய் மாதிரி கலர் தெரியும்.

– என்ன சொல்லுவா?

– “கவிஞரே, இங்க ஒரு வானவில்ல விட்டுட்டீங்க.”

– கவிஞரா! நீங்களா! வாயத் தொறந்தா நாலு வார்த்தை வராது.

– அதான் கிண்டல்.

– பாஸ் பண்ணியிருக்கீங்களா ஒரு தடவையாவது?

– நாலு வருஷம். எட்டு தடவ. எட்டு தடவையும் ஃபெயில்.

– சரி, ஒன்பதாவது தடவைக்கு நான் இருக்கேன். துப்பட்டால ஒரு துடை துடைச்சா ஆயித்து, முடிஞ்சுது…

– துப்பட்டா படக்கூடாது! கைய எடு!

– எடுத்துட்டேன், எடுத்துட்டேன்.

– ஸாரி.

– ஸாரி எதுக்கு? எட்டு மாசத்துல முதல் தடவ சத்தம் போட்டிருக்கீங்க. அம்மாகிட்ட சொன்னா மெழுகுவத்தி ஏத்துவாங்க.

– துப்பட்டால ஜரிகை இருக்கு. கீறல் விழும். அதுவும் இல்லாம சும்மா துடைச்சா வராது. இறுகிப்போச்சு.

– அப்ப எப்படித்தான் எடுக்கறது?

– அதே சீலன்ட்ட அது மேலயே புதுசா பூசணும். மெல்லிசா. அடில இருக்கறது இளகும். அப்ப துடைச்சா ரெண்டும் சேந்து வந்துடும்.

– எப்பத் தெரிஞ்சுது இது?

– மூணாம் மாசம். பாட்டில் பின்னாடியே போட்டிருக்கு.

– தெரிஞ்சும் அஞ்சு மாசமா…

– துடைக்கத்தான் கவர எடுக்கறேன் ஆஞ்சி. தினமும்.

– அப்புறம் ஏன் மாமா?

– கிட்ட வா. ஹெட்லைட்டுக்கு மேல, இந்த மூலைல பாரு.

– ஏதோ இழுத்த மாதிரி இருக்கு.

– அவ விரல். காஞ்சுதான்னு பாக்க ஒரு இழு இழுப்பா. சுத்தமா வந்தா காஞ்சிருக்கு, ஈஷினா இன்னும் காயலன்னு அர்த்தம். இது ஈஷியிருக்கு. கடைசில விரல் நின்ன இடத்துல ரேகை தெரியும்.

– தெரியுது மாமா… சுழி தெரியுது.

– ம்.

– பேடா, வேண்டாம் மாமா. எனக்கு வண்டி வேண்டாம். நான் பஸ்லயே போறேன். கவர போடுங்க.

– நாலு மணிக்கு நீ ரோட்டுல நிக்கக்கூடாது. கேத்திக்குத் தெரிஞ்சா என்னை விடமாட்டா.

– அப்ப அந்த மூலைய மட்டும் விட்டுடுவோம். ஒரு உள்ளங்கை அளவு. யார் கேக்கப் போறா?

– நீ ஓட்டினா வண்டி தினமும் வெயில்ல நிக்கும். மழைல நனையும். திட்டுத் திட்டா உரியும், கறை பிடிக்கும். இந்தப் பெயிண்ட்ட அவ எப்படி வெச்சிருந்தா.

– எதையாவது ஒண்ணச் சொல்லுங்க. வெச்சுக்கறதா, எடுக்கறதா?

– …டிக்கிய தொற. பச்சை டப்பா இருக்கும்.

– இருக்கு. மேல உங்களுக்குன்னே அக்கா கையெழுத்து. “பரத் தொடக்கூடாது.” அடக் கடவுளே, கோடு வேற போட்டிருக்கா அடில.

– உள்ள ஸ்பாஞ்சு, மஞ்சத் துணி மூணு. துணிய கீழ போட்டுடாத. மண் ஒட்டினா அவ்வளவுதான்.

– சரி சார். ஊத்தறேன். போதுமா?

– அது பத்து ரூபா காயின்.

– அக்கா உங்களுக்குள்ள பூந்துட்டாளா?

– ஓரத்துல தட்டிடு. அழுத்தாத. ஸ்பாஞ்சோட வெயிட்டே போதும். நீ டிரைவர் பக்கத்துலேர்ந்து வா, நான் இந்தப் பக்கத்துலேர்ந்து வரேன்.

– மூலை உங்க பக்கமா?

– என் பக்கம்.

– நான் வேணா திரும்பி நின்னுக்கறேன்.

– வேண்டாம். இங்கயே நில்லு… பூசிட்டேன்.

– மாமா, உடனே துடைக்கலாமா?

– இல்ல. அஞ்சு நிமிஷம் இளகட்டும்.

– அலாரம் வெக்கவா?

– வெக்காத!

– சரி, சரி. மனசுலயே எண்ணிக்கறேன்… மாமா, அஞ்சு நிமிஷத்துல ஒண்ணு கேக்கட்டுமா? திட்டக்கூடாது.

– கேளு.

– “அம்மாவ பாத்துக்கோ”ன்னுதான் அக்கா கடைசியா சொன்னான்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்றாங்க. ஜெபக் கூட்டத்துல, ஃபாதர்கிட்ட, மாடி வீட்டு ஜெயலக்ஷ்மி ஆன்ட்டிகிட்ட. நீங்கதான் ஆஸ்பத்திரில சொன்னீங்களாம்.

– சொன்னேன்.

– அக்கா ஆஸ்பத்திரிக்கு வரும்போதே நினைவு இல்ல. நான் கேஸ் ஷீட் பாத்தேன்.

– உங்கம்மா என் கையப் பிடிச்சுட்டுக் கேட்டாங்க. கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு. எதையாவது கொடுத்தாத்தான் கைய விடுவாங்கன்னு தோணுச்சு.

– அப்ப நிஜமா என்ன சொன்னா? சண்டை கிண்டையா?

– சண்டை இல்ல.

– பின்ன?

– இங்கதான் நின்னா. பூசி முடிச்சா, விரலால இழுத்துப் பாத்தா. தலை வலிக்குது, குளிச்சுட்டுப் படுக்கறேன்னா. லிஃப்ட்டுகிட்ட போய்த் திரும்பி ஒண்ணு சொன்னா. நான் போன்ல இருந்தேன். சரின்னு தலைய ஆட்டினேன். நிமிந்துகூடப் பாக்கல.

– ம்.

– அலாரம் வெச்சிருந்தேன். அடிச்சுது. தள்ளிப் போட்டேன். மறுபடி அடிச்சுது. மறுபடி தள்ளிப் போட்டேன். நான் மேல போனப்ப அவ விழுந்து கிடந்தா. அப்பவே துடைச்சு முடிச்சு, டார்ச்சுக்குக் கூப்பிட மேல போயிருந்தா…

– மாமா, இங்க பாருங்க. நான் நர்ஸு. மூளைல ரத்தம் கசிஞ்ச அந்த ஸ்கேன் ரிப்போர்ட்ட மூணு தடவ படிச்சேன். சீனியர் டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். பின்னாடியே நீங்க ஓடியிருந்தாலும், லிஃப்ட்லயே பிடிச்சிருந்தாலும் அவ்வளவுதான். பழியத் தூக்கி அந்த அலாரத்து மேல போடாதீங்க.

– டாக்டரும் அதத்தான் சொன்னார்.

– அவர நம்பல. சரி. என்னை?

– நீ பொய் சொன்னா மூக்கு விடைக்கும். இப்ப விடைக்கல.

– அப்பாடா. இப்பவாவது சொல்லுங்க. லிஃப்ட்டுகிட்ட என்ன சொன்னா?

– முதல்ல துடைக்கறேன். துடைக்காம அதச் சொல்ல முடியாது. துணியக் கொடு.

– இந்தாங்க. நாலா மடிச்சிருக்கேன்.

– நல்லா மடிச்சிருக்க.

– அக்காவோட தங்கச்சியாச்சே… வருது மாமா! பாருங்க, நீலமா வருது. சீலிங் லைட்டு தெரியுது உள்ள.

– துணியத் திருப்பிக்கோ. அழுக்குப் பக்கத்தால தேய்க்காத.

– என் பக்கம் முடிஞ்சுது. உங்க மூலைதான் பாக்கி.

– ம்.

– நான் பிடிச்சுக்கவா கைய?

– நீ துணியோட அந்த முனையப் பிடிச்சுக்கோ. சேந்து இழுப்போம். ஒரே இழு.

– சரி… ரெடி.

– இழு… வந்துடுச்சு.

– வந்துடுச்சு மாமா. அழுதுடுங்க, பரவாயில்ல. நான் ஏற்கனவே ஆரம்பிச்சிட்டேன். மஞ்சத் துணியால மூக்கத் துடைக்கலாமா?

– கொன்னுடுவா.

– சிரிக்கறீங்க! இருங்க, டப்பால டார்ச் இருக்கு. அக்காவுக்கு பதில் நான் செக் பண்றேன். வானவில் ஒண்ணு இருந்தாலும் ஃபெயில்.

– டார்ச் வேண்டாம்.

– ஏன்? அக்கா விடுவாளா?

– அப்படியே வை ஆஞ்சி. சாவி இந்தா. மெதுவா ஓட்டு.

– சொல்லாம சாவிய வாங்க மாட்டேன். லிஃப்ட்டுகிட்ட அக்கா என்ன சொன்னா?

– “இருபது நிமிஷத்துல மறக்காம துடைச்சிடுடா. இந்தத் தடவ நான் வந்து டார்ச் அடிச்சுப் பாக்கப்போறதில்ல, நீ சரியாத்தான் துடைச்சிருப்ப.”