மூன்றாவது சரணத்தில் அம்மா

வெர்லீன்: அந்தத் தொட்டிய எடு.

டெல்பர்ட்: அம்மா! நீ எங்க இங்க... இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே. முடி சுருட்டிக்கப் போற நாளாச்சே?

வெர்லீன்: ஓ, அதான் நாள் பாத்து வந்தியா? எடுடா. என் பேருக்குக் கீழ என்னத்துக்கு சாமந்தித் தொட்டி?

டெல்பர்ட்: அப்பா கல்லறைக்குப் பூ வைக்கக் கூடாதா?

வெர்லீன்: அப்பா பக்கம் வை. உங்கப்பா போனப்ப ஒரே கல்லுல ரெண்டு பேரையும் செதுக்கியாச்சு. அவருக்குப் பொறந்த வருஷமும் இருக்கு, செத்த வருஷமும் இருக்கு. எனக்குப் பொறந்த வருஷம் மட்டுந்தான். பக்கத்துல காலி. சரியா அந்தக் காலிய மறைச்சு வெச்சிருக்க.

டெல்பர்ட்: அழகா இருக்கட்டுமேன்னு...

வெர்லீன்: ஏழு மாசமா வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவன், நாஷ்வில்லேருந்து ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து கல்லுக்கு அழகு பாக்கற. யாரு வர்றா?

டெல்பர்ட்: யாரும் வரல.

வெர்லீன்: அப்புறம் தொப்பிய ஏன் துடைச்சுக்கிட்டே இருக்க?

டெல்பர்ட்: ...ரேடியோக்காரர் வர்றாரும்மா. ஹோய்ட். பத்து மணிக்கு. அம்மா கல்லறை முன்னாடி நின்னு நான் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் பாடணுமாம். டேப் எடுத்துட்டுப் போறாராம்.

வெர்லீன்: எந்த அம்மா?

டெல்பர்ட்: ...உனக்குத் தெரியுமா?

வெர்லீன்: ஊருக்கே தெரியும்! மளிகைக்கடை எர்மா, 'செத்ததுக்கப்புறமும் முட்டைய ஒண்ணொண்ணா ஆட்டிப் பாக்கறியே வெர்லீன்'ங்கறா. பக்கத்து மாவட்டத்துலேருந்து யாரோ ஒருத்தி, பாட்டைக் கேட்டுட்டு, துக்க வீட்டுக்குன்னு கோழிக்கறி கேசரோல் ஒரு தட்டு நிறைய செஞ்சு எடுத்துட்டு வந்துட்டா. கதவத் திறந்தது நான்.

டெல்பர்ட்: ஐயோ... என்ன சொன்ன?

வெர்லீன்: என்னத்த சொல்றது? அழுதுட்டே நீட்டினா, வாங்கிக்கிட்டேன். உப்பு கம்மி.

டெல்பர்ட்: அம்மா, கோவப்படாமக் கேளு. அது நான் தனியா எழுதின பாட்டு இல்ல. நாஷ்வில்ல மூணு பேரா ஒரு ரூம்ல உக்காந்து எழுதறதுதான் வழக்கம். மொத ரெண்டு சரணம் நல்லா வந்துடுச்சு. பையன் ஊர் ஊரா பாடிட்டுத் திரியறான், அம்மா போன் பண்ணுது, அவன் எடுக்கறதில்ல. மூணாவது சரணத்துல யாராவது சாகணும்னுட்டாங்க.

வெர்லீன்: கட்டாயமா?

டெல்பர்ட்: இல்லேன்னா ரேடியோ கேக்கற லாரிக்காரன் அழ மாட்டானாம். நாய் சாகட்டுமா, அம்மா சாகட்டுமான்னு ஓட்டுப் போட்டோம்.

வெர்லீன்: நீ யாருக்குப் போட்ட?

டெல்பர்ட்: நாய்க்கு! சத்தியமா நாய்க்குத்தான். ரெண்டுக்கு ஒண்ணுல தோத்துட்டேன். நாய் இந்த வருஷம் ஏற்கெனவே நாலு பாட்டுல செத்துடுச்சாம்.

வெர்லீன்: சரி, பாட்டுல சாகடிச்ச. போகட்டும். ரேடியோவுல எதுக்குடா உண்மைக் கதைன்ன?

டெல்பர்ட்: ஹோய்ட் கேட்டாரு, 'நெஜமா நடந்ததா தம்பி'ன்னு. கேக்கறப்பவே அவர் கண்ணுல தண்ணி. பதினோரு வருஷமா பாடறேன்மா. மாட்டுச் சந்தையில பாடியிருக்கேன், டயர் கடை திறப்பு விழாவுல பாடியிருக்கேன். ஒருத்தர் கண்ணும் கலங்கினதில்ல. டயர் கடையில ஒரு ஆளு அழுதான், அவன் கால்ல டயர் விழுந்துடுச்சு. அதான்... தலைய ஆட்டிட்டேன்.

வெர்லீன்: ரேடியோவுல தலையாட்டினா யாருக்குத் தெரியும்?

டெல்பர்ட்: அப்புறம் வாயாலயும் சொன்னேன்.

வெர்லீன்: ம்.

டெல்பர்ட்: திங்கக்கிழமை பாட்டுக் கம்பெனில முடிவு பண்றாங்க. எனக்கு முழுசா ஒரு ஆல்பம் போடறதா, வேண்டாமான்னு. அதுவரைக்கும், ஜனங்க போன் பண்ணிக் கேக்கற கணக்குல ஹோய்ட் போடற பட்டியல்ல இந்தப் பாட்டு மொத இடத்துல நிக்கணும். இப்ப போய் உண்மை வெளிய வந்தா...

வெர்லீன்: நான் வெளிய வந்தா.

டெல்பர்ட்: ...ஆமா. அதோ, வண்டி! அம்மா, சர்ச்சுக்குள்ள போய் உக்காந்துக்கோயேன். பத்தே நிமிஷம்.

வெர்லீன்: போடா. என் துக்கத்துக்கு நான் இல்லாம எப்படி?

ஹோய்ட்: டெல்பர்ட்! என்ன தம்பி, முன்னாடியே வந்துட்டியா? இந்தம்மா யாரு?

டெல்பர்ட்: பெரியம்மா, சார். எங்கம்மாவோட அக்கா.

வெர்லீன்: தங்கச்சி.

டெல்பர்ட்: தங்கச்சி... சித்தி.

ஹோய்ட்: ஓ. உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே.

வெர்லீன்: எங்க குடும்பத்துக்கே இதே குரல்தான்.

ஹோய்ட்: கல்லுல இறந்த வருஷம் தெரியலியே. இந்தத் தொட்டியக் கொஞ்சம் நகத்தட்டுமா?

டெல்பர்ட்: வேண்டாம் சார்! அம்மாவுக்கு சாமந்தின்னா உயிரு.

வெர்லீன்: பக்கத்துல போனாலே தும்முவா.

ஹோய்ட்: ...சரி. டேப் ஓடுது. மொதல்ல நீங்க பேசுங்கம்மா. உங்க அக்கா எப்படிப்பட்டவங்க?

வெர்லீன்: பேரழகி.

டெல்பர்ட்: சித்தி, சுருக்கமா...

வெர்லீன்: செத்தவளப் பத்திப் பேசறப்ப குறுக்க வராத. இந்த மாவட்டத்துலயே அவள மாதிரி பீச் பழம் வெச்சு 'பை' பலகாரம் சுட ஆள் கிடையாது. எர்மா சுடுவா, அத நாய்கூடத் தொடாது. இவனுக்கு கிட்டார்ல விரல் வெச்சுப் பிடிக்கற மொத மூணு கார்டும் அவதான் சொல்லிக் கொடுத்தா. இன்னிவரைக்கும் அந்த மூணை வெச்சுத்தான் பொழைப்ப ஓட்டறான்.

ஹோய்ட்: கடைசி நாள்ல எப்படி இருந்தாங்க?

வெர்லீன்: கடைசி நாளா... ஞாயித்துக்கிழமை ஆனா மேசையில ரெண்டு தட்டு வைப்பா. ஒண்ணு இவனுக்கு. ரெண்டு மணி வரைக்கும் ஜன்னல் பக்கம் பாத்துட்டு, அத எடுத்து நாய்க்கு வெச்சுடுவா. நாய் ரொம்பக் குண்டாயிடுச்சு.

டெல்பர்ட்: ...நெஜமாவா?

வெர்லீன்: நாய நீ வந்து பாத்தாத்தானே தெரியும்? போன் அடிச்சா கை மாவோட ஓடுவா. எல்லாம் சர்ச்சுக்காரங்களா இருக்கும். இவன் குரலக் கேக்கணும்னா ரேடியோவத்தான் திருகணும்...

டெல்பர்ட்: அம்மா, போதும்மா.

வெர்லீன்: ...சித்தின்னு சொல்லுடா. டேப் ஓடுது.

டெல்பர்ட்: ஓடட்டும். சார், இவங்கதான் எங்கம்மா. சாகல. தொட்டிக்குப் பின்னாடி வருஷமே கிடையாது. நான் உங்ககிட்ட சொன்னது பொய். மொத ரெண்டு சரணம் சத்தியமா நடந்தது. மூணாவது பொய்.

ஹோய்ட்: அப்பாடா.

டெல்பர்ட்: அப்பாடாவா?

ஹோய்ட்: நானும் ஒரு காலத்துல பாடினவன்தான் தம்பி. ஒரே ஒரு பாட்டு ஓடிச்சு. என் நாய் செத்துப்போச்சுன்னு. அது அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்துச்சு. வெளிய கூட்டிட்டுப் போனா வேற பேரு சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பிக்கூடப் பாக்காது.

டெல்பர்ட்: அப்ப அன்னிக்கு உங்க கண்ணுல தண்ணி...

ஹோய்ட்: நாய் ஞாபகம்.

வெர்லீன்: பாவம்.

ஹோய்ட்: உன் கதையில எனக்கு அப்பவே சந்தேகம். இந்தம்மா வாயத் திறந்ததும் இன்னொரு சந்தேகமும் தீந்துச்சு. தினம் காலைல ஆறேகாலுக்கு எனக்கு ஒரு போன் வரும். ஒரு நாள் பக்கத்து ஊரு ஸ்பார்ட்டாவிலேருந்து மிஸஸ் டாட்சன். மறுநாள் யாரோ ஒரு நர்ஸ். ஒரு நாள் லாரி டிரைவர், பொம்பளக் குரல்ல. எல்லாரும் உன் பாட்டத்தான் கேப்பாங்க. எல்லார் வீட்டுலயும் பின்னாடி ஒரு குண்டு நாய் மூச்சு வாங்கிட்டிருக்கும்.

டெல்பர்ட்: ...அம்மா?

வெர்லீன்: அத எத்தனை தடவை வெளிய தொரத்தினாலும் உள்ள வந்து படுத்துக்குது.

டெல்பர்ட்: எத்தனை நாளா?

ஹோய்ட்: நாப்பத்தோரு நாள். ஒண்ணு மட்டும் சொல்றேன் தம்பி, மத்த போனெல்லாம் வேற வேற ஆளுங்கதான். இவங்க ஒருத்தரால நீ மொத இடத்துக்கு வரல. இந்த டேப்ப நாளைக்குக் காலைல அப்படியே போடட்டுமா? கம்பெனிக்காரன் என்ன சொல்வான்னு எனக்குத் தெரியாது.

டெல்பர்ட்: போடுங்க சார். ஏம்மா... நீ செத்துப்போற பாட்ட, நீயே தினம் எழுந்து, பொய்ப் பேரு சொல்லிக் கேட்டியா? என் ஆல்பத்துக்காகவா?

வெர்லீன்: ஆல்பமாம் ஆல்பம். அந்த மூணாவது சரணத்துக்காகடா. அதுல நீ கொட்டற மழையில வண்டிய ஓட்டிக்கிட்டு, நான் கண்ண மூடறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடறியே.