மீன்குழம்புக்காகச் சொன்ன பொய்

ஓடுகிறேன். 2004 டிசம்பர் 26. ஞாயிறு. காலை எட்டு நாற்பது இருக்கும். இடது இடுப்பில் என் மகள் அபிநயா. ஆறு வயது. கனக்கிறாள். வலது கையில் மீன் கூடை. அதை இன்னும் விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலில் சத்தம். அலைச் சத்தம் இல்லை. அலைச் சத்தம் எனக்குத் தெரியும். பரங்கிப்பேட்டையை ஒட்டிய குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். இது லாரியிலிருந்து ஜல்லி கொட்டும் சத்தம். நிற்காமல் கொட்டுகிறது. பிறகு தென்னை முறிகிறது. படார். படார். பிறகுதான் ஆட்கள்.

"கடலு ஏறி வருது! மேக்கால ஓடுங்க! மேக்கால!"

மாரியம்மன் கோயில்வரை வந்துவிட்டேன். கோயில் தளத்தின் மேல் நாலைந்து பேர் நிற்கிறார்கள். "புள்ளைய மேல குடு! குடுடி சீக்கிரம்!" ஒருவர் குனிந்து கை நீட்டுகிறார். கூடையைக் கீழே போட்டேன். இரண்டு கையாலும் அபிநயாவைத் தூக்கினேன். அவள் விரல் அவர் விரலைத் தொட்டது. பார்த்தேன். தண்ணீர் என் இடுப்பில் அடித்தது. கறுப்புத் தண்ணீர். அப்புறம் என் கையில் ஒன்றும் இல்லை.

இப்போதே பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கார்த்திகை முதல் தேதியிலிருந்து வீட்டில் கவிச்சி கிடையாது. அவர் கடலுக்குப் போவார். பிடிப்பார். விற்பார். சட்டியில் மட்டும் மீன் ஏறக்கூடாது. கடலோரத்தில் குடியிருந்துகொண்டு நாற்பது நாள் சாம்பார். என்ன சாமியோ என்று வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

அன்று மார்கழித் திருவாதிரை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். எங்கள் தெருவில் பாதிப்பேர் விடியற்காலையிலேயே வேனில் கிளம்பினார்கள். நானும் போகவேண்டும். மாமியார் வந்து எழுப்பினாள். குளிர். போனால் கும்பலில் நெரிபட வேண்டும். மணிக்கணக்கில் நின்ற பிறகு, ஆயிரம் தலைக்கு அப்பால் ஏதோ மினுங்கும். அதுதான் சாமி, கும்பிடு என்பார்கள். எனக்கு மனசில்லை. வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலை வேண்டும். நெத்திலிக் குழம்பு வேண்டும். அவ்வளவுதான்.

"நான் தூரம் அத்தை" என்றேன்.

மாதவிலக்கை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். மாலை போட்ட வீட்டில் அந்த ஒரு சொல் போதும். கணவர் பாயைத் தாண்டி வாசலுக்குக் குதித்தார். நடுக்கடலில் புயலுக்குப் பயப்படாத ஆள்.

மாமியார் அபிநயாவைப் பார்த்தாள். என் கையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள் குழந்தை. "ஒன்ன ஒட்டிக்கினு தூங்குது. அதுக்கும் தீட்டுதான். தலைக்கு ஊத்தாம கோயிலுக்குத் தூக்கிக்கினு போவ முடியாது. இருமலு வேற. கெடக்கட்டும், உட்டுட்டுப் போறோம்."

கணவரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு வேன் போனது. நான் போர்வைக்குள் சிரித்தேன். அதையும் மறைக்கவில்லை.

எட்டு மணிக்கு அபிநயாவைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். வந்து நின்ற படகில் நெத்திலி வாங்கினேன். குழந்தைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அப்பாகிட்ட சொல்லமாட்டேம்மா. எனக்கு மட்டும் மீனு ஜாஸ்தி வெக்கணும்" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அது.

28ஆம் தேதி. செவ்வாய். கருவேல முள்காட்டில் கிடைத்தாள். கணவர்தான் போய்ப் பார்த்தார். அடையாளம் என்ன என்று கேட்டார்கள். "எம் புள்ள" என்றார். பொக்லைன் குழி தோண்டி வைத்திருந்தது. நீளக் குழி. பலருக்கும் சேர்த்து ஒன்று. மஞ்சள் இல்லை. பால் இல்லை. பிளீச்சிங் பவுடர் இருந்தது. கணவர் கழுத்து மாலையை அறுத்து மணலில் போட்டார்.

கல்யாண மண்டபம் ஒன்றில் தங்க வைத்தார்கள். அங்கே வந்தார்கள் ஒவ்வொருவராக. கடவுளின் ஏஜெண்டுகள்.

கடலூரிலிருந்து ஒருவர். வெள்ளைச் சட்டை. கையில் கறுப்புப் புத்தகம். "ஆண்டவர் ஒங்கள நேசிக்கிறாரு சிஸ்டர். அதனாலதான் ஒங்க உயிர காப்பாத்தியிருக்காரு." அப்போ எம் புள்ளய அவரு நேசிக்கலியா என்று கேட்டேன். பக்கத்தைப் புரட்டினார். பதில் அடுத்த பக்கத்தில் இருக்கும்போல. தேடிக்கொண்டே அடுத்த பாய்க்கு நகர்ந்துவிட்டார்.

காவி ஒன்று வந்தது. கடலோரத்தில் பாவம் மிகுந்துவிட்டதாம். ஏ.சி. காரிலிருந்து இறங்கி, செருப்பில் சேறு படாமல் ஓரமாக நின்று, எங்கள் பாவத்தை எடை போட்டது. என் மகள் ஒன்றாம் வகுப்பு. பென்சில் திருடியிருப்பாள். அதிகபட்சம் அதுதான்.

பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் தேக்சாப் பாத்திரத்தில் சோறு கொண்டுவந்தார்கள். அதில் ஒருவர் என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதரை மட்டும் நான் ஒரு நாளும் திட்டியதில்லை.

வெளியாட்களாவது பரவாயில்லை. வந்தார்கள், போனார்கள். எங்கள் வேன் கோஷ்டிதான் தாங்கமுடியாதது. "நடராசரு கூப்புட்டுக் காப்பாத்துனாரு." காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. பிள்ளை செத்த வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. கூப்பிட்டவர் என் மகளை ஏன் கூப்பிடவில்லை? தலைக்கு ஊற்றவில்லையே. உலகத்தையே ஆட்டி வைக்கிறவருக்கு ஒரு அண்டா வெந்நீர் குறைந்து போச்சு.

பிறகு அந்தப் பேச்சு கிளம்பியது. அன்று காலை என்னைக் கரையில் பார்த்தவள் ஒருத்தி பிழைத்திருந்தாள். "தூரமா இருக்கறவ எப்பிடிடி கரைக்கு வந்தா?" எங்கள் வழக்கம் அது. அந்த நாட்களில் பெண்கள் கரைக்குப் போகக்கூடாது. வலையைத் தாண்டக்கூடாது. போனால் கடலம்மா பொறுக்கமாட்டாள். ஜனவரி பாதிக்குள் கதை முழுசாகத் தயார். கடல் ஏறியதற்குக் காரணம் நான்.

இந்தோனேசியாவிலும் கடல் ஏறியது. இலங்கையிலும் ஏறியது. அங்கெல்லாம் எந்தப் பெண்ணுக்கு விலக்கு என்று யாரும் போய் விசாரிக்கவில்லை. என் வீட்டில் என்றால் விசாரணையே வேண்டாம். மாமியாரே சாட்சி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தீட்டே இல்லை என்று ஒரே வரி. சொன்னால் என்ன ஆகும்? திருவாதிரையன்று நடராசரையே ஏமாற்றினாள், மாலை போட்ட வீட்டில் மீன் வாங்கினாள், அதான் பிள்ளையை எடுத்துக்கொண்டான் என்பார்கள். தீட்டு என்றால் கடலுக்குக் கோபம். பொய் என்றால் கோயிலுக்குக் கோபம். எப்படிப் புரண்டாலும் கொலைகாரி நான்தான். வாயை மூடிக்கொண்டேன்.

இதில் கேவலம் என்ன தெரியுமா? நானும் பாதி நம்பினேன். ராத்திரி பகல் இல்லாமல் தூரம் என்ற அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு கிடந்தேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் வேனில் இருந்திருப்பாளே. அப்படியானால் யாரோ மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானோ? நெத்திலிக்கு ஆசைப்பட்டவளுக்கு இப்படி ஒரு தண்டனை தருகிறவன் எப்படிப்பட்ட சில்லறை ஆள்! திட்டுவேன். திட்டி முடித்த கையோடு பயம் வரும். கன்னத்தில் போட்டுக்கொள்வேன். தூ.

கூடையைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. அதைக் கொஞ்சம் முன்னாடியே போட்டிருந்தால் இரண்டு கையாலும் இன்னும் வேகமாகத் தூக்கியிருப்பேன். ஆனால் சாமியும் தீட்டும் பேசுகிறவர்களுக்குக் கூடை எதற்கு?

முதல் வருடத் திதிக்குப் பரிகாரம் சொன்னார்கள். நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடு. ஈரப் புடவையோடு கடலுக்குப் பால் ஊற்ற வேண்டும். ஊரே வந்து நின்று பார்த்தது. ஊற்றினேன். இல்லாத தீட்டைக் கழித்தேன். ஊற்றும்போது மனசுக்குள் மன்னிச்சிடு என்று வேறு சொன்னேன். யாரிடம் சொன்னேன்? தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் பால். வெள்ளிக்கிழமை விளக்கு. பக்தியா, பழக்கமா, மாமியார் வாய்க்குப் பயமா? மூன்றும்தான்.

வேறு பிள்ளை பிறக்கவில்லை. அதற்கும் அதே காரணம் சொன்னார்கள். காரணத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை.

2011 டிசம்பர் 30. வெள்ளி. காலை ஆறரை. 'தானே' புயல். பள்ளிக்கூடக் கட்டடத்தில் அடைந்துகிடக்கிறோம். கதவுக்குப் பெஞ்சு முட்டுக்கொடுத்திருக்கிறது. காற்று ஊளையிடவில்லை. உறுமுகிறது. ஒரே சுருதி. ஜன்னலுக்கு வெளியே கூரைத் தகடு ஒன்று பறந்து போகிறது. வேப்பமரத்தில் மோதுகிறது. டங். மரம் சாய்கிறது.

மாமியார் நடுவில் மாரியம்மன் படத்தை வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறாள். அணைகிறது. ஏற்றுகிறாள். அணைகிறது. மூன்றாவது தடவை திரும்பி எல்லாரையும் பார்த்துக் கத்தினாள்.

"எவளாச்சும் தூரமா இருந்தா வெளிய போங்கடி! போன வாட்டி ஒருத்தியால ஊரே போச்சு! மறுபடியும் ஊர அழிக்கணுமா?"

அப்புறம் மூலையில் ஒருத்தி எழுந்தாள். சுகன்யா. என் நாத்தனார் மகள். பதினாலு வயது. எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிற பெண். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். கதவை நோக்கி நடந்தாள். அத்தனை பேரும் வழிவிட்டார்கள். வழிவிட்டார்கள்! ஒருவர் குனிந்து பெஞ்சை நகர்த்தவே ஆரம்பித்துவிட்டார்.

நான் கதவில் போய்ச் சாய்ந்துகொண்டேன்.

"ஒக்காருடி சுகன்யா! எவன் கதவத் தொறக்கறானோ பாக்கறேன்!"

"நீ நவுருடி. ஒன்னால கெட்டது போதும்" என்றாள் மாமியார்.

"அன்னைக்கு நான் தூரமே இல்ல!" கத்தினேன். காற்றுக்கு மேல் கேட்க வேண்டுமே. "பொய்யி அத்த! மீன் திங்கணும்னு சொன்ன பொய்யி! எல்லாரும் கேட்டுக்குங்க! தீட்டு ஒண்ணும் இல்ல! தீட்டே இல்லாமத்தான் கடலு ஏறிச்சு!"

பெஞ்சைப் பிடித்தவர் கையை எடுத்தார். சுகன்யா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மாமியார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிக்க வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

"அப்ப புள்ளைக்கும் தீட்டு இல்லியா?" என்றாள்.

"இல்ல."

"தூக்கிக்கினு போயிருக்கலாமே." குரல் உடைந்துவிட்டது. "அப்பிடியே பாயோட தூக்கிக்கினு போயிருக்கலாமே. நாந்தானே உட்டுட்டுப் போவலாம்னேன்."

ஏழு வருடம் அவளும் அந்தத் தீட்டின் மேல்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது. அந்த நேரத்திலும் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. என் புத்தி அப்படி.

கணவர் சுவரோரம் நின்றார். "ஏழு வருசம். எங்கிட்டயுமா சொல்ல முடியல?" என்றார். சொல்லியிருந்தால் மட்டும் இவர் என்ன செய்திருப்பார்? பாயைத் தாண்டிக் குதித்தவர்தானே.

காற்று அடங்கியது. மாமியார் ஏற்றிய கற்பூரம் அதை அடக்கவில்லை. சுகன்யா உள்ளேயே இருந்ததால் அது கூடவும் இல்லை. யாரும் அதைப் பேசவில்லை. பொங்கலுக்குள் புதுக் கதை வந்துவிட்டது. பொய் சொன்னவளுக்கு நடராசர் கொடுத்த தண்டனை. ஏழு வருடம் கடலம்மாவைச் சொன்ன அதே வாய்கள். ஒரு வெட்கம் வேண்டாமா?

இது 2012 மார்கழி. சிதம்பரத்துக்கு வேன் வந்து நின்றது. மாமியார் ஏறவில்லை. கால் வலி என்றாள். அவளுக்குக் கால் வலி கிடையாது. நான் கேட்கவில்லை. சோறு போட்டேன். சாப்பிட்டாள். அவள் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். எனக்கு இப்போது சாமி உண்டா என்று சுகன்யா கேட்டாள். தெரியாது என்றேன். இருந்தால் என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று சொல்லு என்றேன்.

போனவற்றை எழுதிவிடுகிறேன்.

2004இல் கூரைவீடு ஒன்று. வலை முழுசும். ஃபைபர் படகு ஒன்று, பாதிதான் திரும்பக் கிடைத்தது. ஏழு டிசம்பர்களில் ஏழு குடம் பால். 2011இல் தென்னை நான்கு. கணவர். உயிரோடுதான் இருக்கிறார். தை மாதம் கடலூர்த் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். திரும்பவில்லை. என் கையால் சாப்பிட முடியவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

செத்தது எங்கள் வீட்டில் ஒருத்தி. பெயர் அபிநயா. வயது ஆறு. இறந்த காரணம் தண்ணீர்.