சுவாதிக்குத் துணை

— நாலு நட்சத்திரத்தை எட்டெண்டு சொன்ன ஆள் நீர், பரஞ்சோதி. உம்மட வேனில ஏறினதால இண்டைக்குக் கமிட்டியில உம்மைக் காப்பாத்துவன் எண்டு கனவு காணாதையும். என்ர கார் வேர்க்‌ஷொப்பில கிடக்கு, அதால ஏறினன். வேற ஒரு உறவும் இல்லை.

— காப்பாத்துங்கன்னு நான் கேக்கவே இல்லியே, அருளம்பலம் சார். பெல்ட்டு போட்டுக்குங்க. கொக்கி கொஞ்சம் கோளாறு, நல்லா அழுத்தணும்.

— வேனும் உம்மட கதை மாதிரித்தான். ஒண்டும் ஒழுங்காப் பூட்டாது.

— பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஏற்ற வேனு சார். பாத்து உக்காருங்க, சூயிங்கம் ஒட்டி வெச்சிருப்பாங்க.

— இது எந்த ரோட்? ஏன் ஐசே ஹைவேயில போகேல்லை? சுங்கைப்பட்டாணியில இருந்து அலோர் ஸ்டாருக்குக் குருண் பக்கத்தால இந்தக் காலத்தில ஆர் போறான்?

— ஹைவேயில கோடு ஜாஸ்தி சார். இது பழகின ரோடு. சினாங் லா, சுலுவாப் போயிரலாம்.

— கோடு ஜாஸ்தியாம். நட்சத்திரத்தில பொய் சொல்லி முடிஞ்சு இப்ப ரோட்டிலயும் தொடங்கிட்டீர். வடிவாக் கேளும். உம்மை எங்கட வானியல் சொசைட்டிக்குள்ள கூட்டிக்கொண்டு வந்தது நான். என்ர பேத்தி தர்மிளாவைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கிறவர், தோட்டத்து ஆளெண்டாலும் நேர்மையான ஆள் எண்டு கமிட்டிக்கு முன்னால எழும்பி நிண்டு சொன்னன்.

— ‘தோட்டத்து ஆளெண்டாலும்’னா சார்?

— ஓம். அதில என்ன பிழை? அந்தச் சொசைட்டியைத் தொடங்கினது ஆர்? கிளாக்கர்மார், வாத்திமார், ரெயில்வே உத்தியோகத்தர். ஒரு வேன்காரன் வந்து நிண்டு “நானும் டபுள் ஸ்டார், அந்த ரெட்டை நட்சத்திரம், பாக்கலாமா சார்” எண்டு கேட்டா சிரிக்காம என்ன செய்யிறது? எல்லாரும் சிரிச்சவை. நான்தான் ஆறு மாதம் வைச்சுப் பாப்பம் எண்டு வாதாடினன். இப்ப என்னைப் பாத்துச் சிரிக்கினம்.

— எங்க அப்பா பால்மரம் வெட்டுன தோட்டத்துலயும் உங்க யாழ்ப்பாணத்து ஆளு ஒருத்தர்தான் கணக்கெழுதற கிராணி சார். அவரும் இப்படித்தான், சோறு போட்டுக்கிட்டே திட்டுவாரு. நமக்குப் பழகிப்போச்சு. சொல்லுங்க.

— முதல் நாள் ஆல்ஃபா செந்தோரியைக் காட்டினன். வெறுங்கண்ணுக்கு ஒண்டு, டெலஸ்கோப்பில ரெண்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரியிற சோடி. நீர் என்ன சொன்னனீர்?

— நாலுன்னேன்.

— பிறகு?

— நீங்க மொறச்சீங்க. ரெண்டுன்னு மாத்திக்கிட்டேன்.

— பிறகு வேகாவுக்குப் பக்கத்தில இருக்கிற அந்த ரெட்டைக்குள்ள ரெட்டை. மொத்தம் நாலு. அதையும் எட்டாக்கினீர். வட்டிக்குக் குடுக்கிறவன் கூட இப்படிப் பெருக்கமாட்டான்!

— டாக்டர் அனந்தன் சாருக்கு அதுல ரெண்டுதான் தெரிஞ்சுச்சு. அவர நீங்க ஒண்ணும் கேக்கல. பல்லு டாக்டருக்குப் பீரங்கி கணக்கா ஒரு டெலஸ்கோப்பு. இன்னொரு நாளு மூடியக்கூடக் கழட்டாமப் பாத்துட்டு, மேகமா இருக்குன்னு காப்பி குடிக்கப் போயிட்டாரு. அவருக்கு ஓட்டு இருக்கு, எனக்கு இல்ல.

— அனந்தன் தெரியேல்லை எண்டா தெரியேல்லை எண்டு சொல்லுவான். படிச்சவன்ர பழக்கம் அது.

— நானும் தெரியிறதத்தான் சொன்னேன்.

— வாயை மூடும்! அந்தக் கேட்டை நட்சத்திரத்திலதான் நான் ஏமாந்தது. கேட்டைக்கு ஒரு துணை நட்சத்திரம் இருக்கு, பாக்கிறது சரியான கஷ்டம், எங்கட ஆக்களில ஒருத்தரும் கண்டதில்லை. நீர் குனிஞ்ச உடனே ரெண்டு சார் எண்டீர். புத்தகத்திலயும் ரெண்டெண்டுதான் கிடக்கு. நான் கை தட்டினன் ஐசே! முதல் ரெண்டு பிழையையும் அந்த இடத்திலயே மறந்தன். இந்தாளுக்குக் கண்ணில வரம் எண்டு பினாங்கு சொசைட்டிக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னன்.

— அன்னிக்கு எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்தீங்க. நீங்களே கலக்கிக் குடுத்தீங்க சார்.

— அதைத்தான் நினைச்சு நினைச்சு வயிறெரியுது. பினாங்குக்காரர் யான் எண்ட ஊர்க் கடற்கரைக்கு வந்தவை, உம்மைப் பாக்கத்தான் வந்தவை. அந்த ரஜனி, அவையின்ர தலைவி, ஒண்டும் சொல்லாமல் டெலஸ்கோப்பைத் திருப்பி வைச்சிட்டு, அங்கிள் எத்தினை தெரியுது எண்டு உம்மைக் கேட்டா. நீர்?

— ரெண்டு. துணை கீழ, வலப்பக்கம்.

— அது சுவாதி! ஒற்றை நட்சத்திரம்! எந்த டெலஸ்கோப்பில பாத்தாலும் ஒண்டு! அந்தப் பெட்டை, கொங்கிராட்ஸ் அங்கிள், உலகத்தில ஒருத்தரும் காணாத துணையைக் கண்டுட்டீங்கள் எண்டு உமக்குக் கை தந்தா. நீர் பல்லைக் காட்டிக்கொண்டு கையைக் குடுத்தீர். கடற்கரை முழுக்கச் சிரிச்சது. நான் எங்க பாக்கிறதெண்டு தெரியாமல் சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். வெக்கக்கேடாப் போச்சு ஐசே, இந்த வயதில!

— அந்தப் பொண்ணு நெசமாத்தான் பாராட்டுதுன்னு நெனச்சேன் சார்.

— நினைப்பீர். உங்கட கலியாணங்களில நடுப்பகலில ஐயர் வானத்தைக் காட்டி, அருந்ததி தெரியுதோ எண்டு கேப்பார். தெரியுதெண்டு தலையை ஆட்டுவீங்கள். அந்தப் பழக்கம்தான் உமக்கு விடேல்லை.

— உங்க கல்யாணத்துல உங்களுக்குத் தெரிஞ்சுச்சா சார்?

— கதையை மாத்தாதையும்.

— தலைய ஆட்டுனீங்களா இல்லியா?

— ஆட்டினன்! சபைக்கு ஆட்டினன்! அதை ஒரு சொசைட்டியின்ர பேரில உலகத்துக்குச் சொல்லேல்லையே? கேளும், உம்மட பொய்யை நான் எப்பிடிப் பிடிச்சனான் தெரியுமோ? வீட்டில இருந்து யோசிச்சன். ஆல்ஃபா செந்தோரி, கேட்டை, சுவாதி, நீர் பாத்த அவ்வளவுக்கும் நீர் கூட்டிச் சொன்ன துணை கீழ, வலப்பக்கம். எல்லாத்துக்கும்! ஒரு பொய்யன் எண்டா ஒரு நாள் மேல எண்டு சொல்லுவான், ஒரு நாள் இடப்பக்கம் எண்டு சொல்லுவான். உமக்குப் பொய்யிலயும் சோம்பல்.

— பொய் சொல்றவன்தானே சார் மாத்தி மாத்திச் சொல்லணும்?

— என்ன?

— தெரியிறத சொல்றவனுக்கு மாத்தறதுக்கு என்னா இருக்கு?

— வக்கீல் மாதிரிக் கதைச்சு இண்டைக்குத் தப்பேலாது. தீர்மானம் எழுதியாச்சு. எட்டு மணிக்கு வாசிப்பன், கையைத் தூக்குவினம், நீர் வெளியில. விளங்குதோ? ஏற்கெனவே பொழுது படுது, கெதியாப் போம்… ஐசே! ஐசே! அந்த மோட்டசைக்கிள்! உரசிக்கொண்டெல்லோ போறீர்!

— எது சார்? ஓ… இடப்பக்கம் இருந்ததா? சரி சரி. தாப்பா, பரவால்ல சார், மேல படல.

— “இடப்பக்கம் இருந்ததா” எண்டு என்னைக் கேக்கிறீர்? ரோட்டில கிடந்தது ஒரேயொரு மோட்டசைக்கிள்!

— ஆமா சார். ஒண்ணுதான் இருந்திருக்கும்.

— இருந்திருக்குமோ?

— நான் வலப்பக்கத்து ஆளுக்கு எடம் விட்டேன்.

— வலப்பக்கத்தில ஒருத்தனும் இல்லை, பரஞ்சோதி.

— அதான் சார் கொஞ்சம் கொழப்பம். பகல்ல பிரச்சினை இல்ல. பொய்யா இருக்கறது லேசா மங்கலா இருக்கும், கண்டுக்கமாட்டேன். வெளக்குப் போட்டுட்டாங்கன்னா ரெண்டும் ஒண்ணு மாதிரியே பளிச்சுன்னு நிக்கும்.

— நீர்… நீர் என்ன கதைக்கிறீர்?

— மொதல்ல நிலாதான் சார் ரெண்டாச்சு. வாசல்ல நின்னு எம் பொஞ்சாதிக்குக் காட்டுனேன், பாரு உமா, ரெண்டு நிலான்னு. ஊத்திட்டு வந்து ஒளர்றியான்னு உள்ள போயிட்டா. நான் பீரு வாசனைகூட ஆகாத ஆளு. மறுநாளு தெருவிளக்கு, அப்பறம் ரோட்டுல வர்ற காடி வெளக்கு. யாருகிட்டயும் மூச்சு விடல. விட்டா கண்ணு டாக்டருகிட்ட இழுத்துட்டுப் போவாங்க, லைசன்ஸ புடுங்குவாங்க, வேன் போயிரும். வேன் போனா அப்பறம் நான் யாரு சார்? ஊட்டுல ஒக்காந்து உமாகிட்ட வாங்கித் திங்கிற ஆளு. ராத்திரியில தூக்கமே வராது. அப்பதான் பள்ளிக்கூடத்து வாசல்ல உங்க நோட்டீசு ஒட்டியிருந்துச்சு. மத்தவங்களுக்கு ஒண்ணாத் தெரியிறது எங்களுக்கு ரெண்டாத் தெரியும், வாங்க சேருங்கன்னு.

— அது… அது சும்மா ஆக்களைச் சேர்க்க எழுதினது.

— எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு சார். நம்மள மாதிரி ஆளுங்க ஒரு சங்கமே வெச்சிருக்காங்க, அதுல படிச்சவங்க எல்லாம் இருக்காங்கன்னு. வெளிய சொன்னா வியாதி. உங்ககிட்ட சொன்னா கெட்டிக்காரத்தனம். நீங்க கை தட்டுனீங்க பாருங்க, அன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன். அதனாலதான் சார் கெஞ்சறேன். பேர வெட்டிராதீங்க. பயப்படாம வாயத் தொறந்து ரெண்டு தெரியுதுன்னு நான் சொல்ற எடம் அது ஒண்ணுதான்.

— அப்ப நீர் எங்களுக்குப் பொய் சொல்லேல்லையோ?

— ஒரே ஒரு தடவை சொன்னேன் சார். மொத நாளு நீங்க மொறச்சப்ப, நாலை ரெண்டுன்னு.

— கடவுளே. உமக்குக் கண்ணில பூ விழுந்திருக்கு, மனிசா! வரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை! அதுதான் எந்த நட்சத்திரத்தைப் பாத்தாலும் அதே பக்கம் நிக்குது!

— எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் தோணும். ஆனா கேட்டைக்குப் புத்தகத்துலயே ரெண்டுன்னு இருக்குன்னு சொன்னீங்களே சார்.

— அதுக்கு நான் என்ன செய்ய! என்ர தர்மிளா… காலமை இருட்டோட வந்தெல்லோ பிள்ளையை ஏத்துறீர்? எல்லா வாகனமும் லைட்டோட ஓடுற நேரம்!

— அது தெனம் போற ரோடு சார், வேனுக்கே தெரியும். பிள்ளைங்கள எண்ணறதுதான் செரமம். அதுக்கு ஒவ்வொண்ணாத் தலையத் தொட்டு எண்ணிக்குவேன். உங்க பேத்திக்குப் புடிக்காது, ஜடை கலையுதுன்னு கத்தும்.

— ஐயோ. ஐயோ. முன்னால வெளிச்சம் வருது பாரும். என்னது அது?

— லோரி சார்.

— லொறிக்கு எத்தினை லைட் தெரியுது உமக்கு?

— ஆறு.

— ஆறோ? ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சாலும் நாலுதானே ஐசே வரவேணும்!

— இந்த வாரம் மூணாவதா ஒண்ணு வருதுங்க, மேல, இடப்பக்கம். அதுக்கு முன்னாடி கீழ இருக்கறதத் தள்ளிட்டு மேல இருக்கறத நம்பி ஓட்டுவேன். இப்ப எது நடுவு, எது ஓரம்னு கொஞ்சம் மாசாலா சார், பிரச்சினையா இருக்கு. சங்கத்துல இன்னிக்குக் கேக்கலாம்னுதான் இருந்தேன், மூணு மூணா இருக்கற நட்சத்திரமும் உண்டுல்ல சார்?

— நிப்பாட்டும்! தீர்மானத்தைக் கிழிச்சுப் போடுறன், உம்மை ஆயுள் மெம்பரா எழுதிறன், என்ன வேணுமெண்டாலும் செய்யிறன், வேனை ஓரமா நிப்பாட்டும் ஐசே!

— நிப்பாட்டிரலாம் சார். மூணு ஓரம் தெரியுது, எது நெசம்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் எதப் பாத்தாலும் ஒண்ணே ஒண்ணு தெரியுமே.